சித்தி சொல்லிக் கொடுத்தது

அக்கா,

"இதெல்லாம் யாரும்மா பழக்கினது?" பாப்பா கீழே கிடந்த பஞ்சை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டதும், நேற்று ஊசி போட்ட நர்ஸ் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "நான்தான், வேற யாரு?" என்றாய் நீ.

இன்று உனக்கு லீவு, தினமும் என்னோடு இருக்கும் பாப்பா இன்று உன்னோடுதான். துணி காயப்போடும்போது கிளிப் எடுத்துத் தருவாள். ஒவ்வொன்றாகக் கேள், அவசரப்படுத்தினால் கூடையையே கவிழ்த்துவிடுவாள். மாடி வீட்டுப் பையன் வந்தால் பிஸ்கட்டை உடைத்து அவள் கையில் கொடு. பெரிய பாதியை அவனுக்குத்தான் தருவாள். அதுவும் நான் பழக்கியது.

"ரெண்டு வயசுல நடந்தது எதுவும் ஞாபகம் இருக்காது" என்று மாமா அன்று சிரித்தார். அப்படியென்றால், நாளைக்கு நீ சொல்வதைத்தான் அவள் நம்புவாள். எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைக்கவில்லை. "சித்தி சொல்லிக் கொடுத்தாள்" என்று ஒரு தடவையாவது அவளிடம் சொல்.

சாதம் குக்கரில் இருக்கிறது. டெய்லர் கடைக்குப் போகிறேன், சாயங்காலம் வருவேன்.

இன்னொன்று: உன் முடியைப் பிடித்துக்கொண்டே தூங்குகிறாள். டாட்டா சொன்னால் எழுந்துவிடுவாள். எழுந்து, என்னைப் பார்த்துவிட்டு, உன் பக்கமே திரும்பிப் படுத்துக்கொண்டால்? அதனால் சொல்லாமலே போகிறேன்.