கோரையும் தண்ணீரும்

ஆஷாவின் அப்பாவுக்கு,

வீட்டை விட்டுப் போனபோது விட்டுச்சென்ற கேமராவைக் கேட்டு உங்கள் தம்பி முனீஸை அனுப்பியிருந்தீர்கள். நான் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பனியன் கம்பெனிக்கு லீவு என்பதால் விடிந்ததும் குளத்துக்குப் போய்விடுகிறேன். கோரையும் தண்ணீரும் மட்டும் வருகிற மாதிரி படம் எடுக்கிறேன். ஓரத்தில் ஏதாவது கட்டடம் தெரிந்தால் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்கிறேன். காற்று அடங்கும்வரை காத்திருந்தால் கோரையின் நிழல் தண்ணீரில் கலையாமல் விழுகிறது.

அங்கே ஆடு மேய்க்கும் ரங்காத்தாள் ஒருநாள் எட்டிப் பார்த்தார். "ஏனுங்கம்மிணி, படத்துல ஒரு ஆளையுங் காணமுங்களே?"

"ஆள் வேண்டாம்னுதான் எடுக்கேன்" என்றேன்.

ஒரு படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, நம் கல்யாணப் படம் இருந்த இடத்தில் மாட்டியிருக்கிறேன். ஆஷா அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

கேமராவுக்குள் இருந்த உங்கள் மெமரி கார்டை மட்டும் இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். சோமனூர்ப் பெண்ணின் படங்கள் எதையும் நான் அழிக்கவில்லை. ஒன்றில் அவள் உங்களைப் பார்த்து நன்றாகச் சிரிக்கிறாள். வெளிச்சமும் சரியாக விழுந்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் என்னை அப்படி ஒரு படம் நீங்கள் எடுத்ததில்லை.

இப்படிக்கு,
ஆஷாவின் அம்மா