பழி தண்ணீர் மேல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

"என் கை ருசியே உங்கப்பாவுக்கு வெறுத்துப்போச்சு" என்று போனில் அழுதாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் ஆய்வுக்கூடத்து எலிகளுக்கு இனிப்புத் தண்ணீர் கொடுத்துவிட்டு, குமட்ட வைக்கும் மருந்தை ஊசியில் ஏற்றினோம். மறுநாள் அதே தண்ணீரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. ஒன்று என் விரலைக் கடித்தும் வைத்தது, சின்னக் காயம்தான். கூண்டு பார்க்கும் அண்ணன் சிரித்தார்: "குமட்டுனது ஊசியால. பழி மட்டும் தண்ணி மேல."

ஆனால் மூளையில் ஒரேயொரு ரசாயனத்தைக் குறைத்திருந்த எலிகள், அதே ஊசி போட்ட பிறகும், அதையே ஆசை ஆசையாகக் குடித்தன. உடம்பு பட்ட பாட்டை ருசியோடு முடிச்சுப் போடுவது அந்த ரசாயனத் துளிதான் போலிருக்கிறது. மெய்சிலிர்த்து நின்றுவிட்டேன், அம்மா.

அப்பாவுக்கும் இதுதான் நடக்கிறது. புற்றுநோய் ஊசிக்குக் கிளம்பும் முன் அவருக்குப் பிடித்ததையே பார்த்துப் பார்த்துச் சமைத்துப் போடுகிறாய். இனி அன்றைக்கு மட்டும் கடையில் எதையாவது வாங்கிக் கொடு. பழியை அது சுமக்கட்டும்.

போன வாரம் எனக்கும் வாந்தியும் காய்ச்சலுமாக இருந்தது, இப்போது சரியாகிவிட்டது. படுத்திருந்த நாளெல்லாம், நீ கொடுத்தனுப்பிய பலகார டப்பாவை நான் திறக்கவே இல்லை.

கூண்டுகளுக்குத் தண்ணீர் வைக்க நேரமாகிவிட்டது.

உன் மகள்