சரக்கு வண்டி ஓட்டுநர் குதித்து ஓடவில்லை என்பது பற்றி

அனுப்புநர்:
தையற்காரி,
ரயில்வே கேட்டை ஒட்டிய ஓட்டு வீடு (இப்போது இல்லை),
தற்சமயம்: அதே தெருவில் நாத்தனார் வீட்டுப் பின்கட்டு.

பெறுநர்:
கோட்டக் கண்காணிப்பாளர் அவர்கள்,
ரயில்வே கோட்ட அலுவலகம்.

பொருள்: சென்ற மாதம் சரிவில் பிரேக் பிடிக்காமல் ஓடிவந்து கவிழ்ந்த சரக்கு வண்டி – இறந்த ஓட்டுநர் மீதுள்ள பழியை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இறந்த ஓட்டுநர் எனக்கு உறவும் இல்லை, நட்பும் இல்லை. சொல்லப்போனால் எங்களுக்குள் ஆகாது. மற்றவர்கள் கேட்டருகே ஒருமுறை ஊதிவிட்டுப் போவார்கள். இவரோ இரண்டு முறை நீளமாகவும் ஒரு முறை வெட்டினாற்போலவும் ஊதுவார். தெருவில் அவருக்கு ‘ஊதல்காரர்’ என்றே பெயர். மத்தியானம் நான் படாத பாடு பட்டுத் தூங்கவைத்த கைக்குழந்தை வீறிட்டு எழும். வாசலில் நின்று அவரைப் பலமுறை ஏசியிருக்கிறேன். “புள்ள முழிச்சுக்கிட்டா நல்லதுதாம்மா, ரயில் வருதுன்னு தெரியும்ல” என்று இன்ஜினிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

2. விபத்தன்று அந்த இரண்டு நீளமும் ஒரு வெட்டும் சரிவின் உச்சியிலேயே தொடங்கி, திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. வண்டி கைமீறிவிட்டது என்று நான் கண்டேனா? இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவதென்று, அழுத குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தண்டவாளத்துக்கு அப்பால் உள்ள கேட்மேன் அறைக்கு நியாயம் கேட்கப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் இன்ஜின் கவிழ்ந்து, வேகன்கள் என் வீட்டின்மேல் ஏறிவிட்டன. தொட்டில் கட்டியிருந்த உத்தரம் கூடக் கிடைக்கவில்லை.

3. கவிழ்ந்த வேகத்தில் தூக்கியெறியப்பட்ட உடல் இன்ஜினுக்கு வெளியே புதரில் கிடந்ததால், அவர் முன்பே குதித்துவிட்டார் என்பது விசாரணையின் முடிவு. அவரோடு இன்ஜினில் கரி அள்ளிப் போட்டு, உயிர் தப்பிய ஃபயர்மேன், “நீ குதி மாப்ள, நான் ஊதல் கயித்த விட்டா கீழ இருக்கறவங்களுக்கு யாரு சொல்றதுன்னு என்னைப் புடிச்சுத் தள்ளிட்டாரு” என்று சாட்சி சொல்லியிருக்கிறார். அவர் ஓட்டுநருக்கு மைத்துனர் என்பதால் அதை ஏற்கவில்லை. ஊதல் கயிற்றைக் கட்டிவைத்துவிட்டுக் குதித்திருக்கலாமாம். ஐயா, கட்டிவைத்தால் அது ஒரே மூச்சாக அலறும். இரண்டு நீளம், ஒரு வெட்டு என்று அளவாக ஊதாது. கவிழும் வரை நான் கேட்டது அளவான ஊதல். கேட்மேனும் கேட்டார். எங்களை யாரும் கூப்பிடவில்லை.

4. ஓட்டுநரின் மனைவியைக் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது. குழாயடியில் அவரிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நேற்று என்னிடம், “ஓடிப்போறவரா இருந்தா உசுரோடயாவது இருந்திருப்பாருல்ல?” என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உறவுக்காரர் சாட்சி செல்லாதென்றால், சண்டைக்காரியான என் சாட்சி செல்லும் அல்லவா? என்னையும் கேட்மேனையும் விசாரித்து, ‘ஓட்டுநர் வண்டியைக் கைவிட்டார்’ என்று ஸ்டேஷனில் ஒட்டியிருப்பதைக் கிழித்துவிட்டு, அந்த அம்மாளை அவர் வீட்டிலேயே இருக்கவிடும்படி இரு கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

புது ஓட்டுநர் சுருக்கமாகத்தான் ஊதுகிறார். குழந்தை அசையாமல் தூங்குகிறது. நான்தான் தைப்பதை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்கிறேன்.

இடம்: ரயில்வே கேட் தெரு
நாள்: 9.11.1951

இங்ஙனம்,
அவரால் பிழைத்த
தையற்காரி
(கையொப்பம்)