அந்த ஆறு பாக்கெட் மீன்

ஏலாக்குறிச்சி,
வியாழக்கிழமை

அன்பு மகன் டேவிட்ராஜுக்கு அம்மா எழுதுவது. அடைக்கல மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் தங்கச்சி டெய்சியும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் மஸ்கட்டில் அப்படியே இருக்க வேண்டும் என்று நாலு நாளாக ஜெபமாலையைக் கீழே வைக்காமல் இருக்கிறேன். திங்கட்கிழமை போனில் நீ கொண்டுபோன அந்தப் புகை மீனைத் தொடாதே என்றதற்குச் சிரித்தாய், "வாசனை நல்லாத்தானம்மா இருக்கு, வெள்ளிக்கிழமை லீவுல ரூம் பசங்களோட சாப்புடப் போறேன்" என்று வைத்துவிட்டாய். அழுகையில் எனக்கும் முழுசாகச் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன், டெய்சி இதைப் போட்டோ எடுத்து அனுப்புவாள்.

சவரிராஜ் மாமா டிரம்மில் புகை போட்டுக் கொடுத்த மீனை, நீ வாங்கித் தந்த மெஷினில் காற்றை உறிஞ்சி ஒட்டி ப்ரீசரில் வைத்திருந்தேன் அல்லவா, போன வாரம் காற்று மழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. எல்லாம் தொளதொளவென்று இளகிக் கிடந்தது, கரண்ட் வந்ததும் மறுபடி கல்லாகிவிட்டது. தூக்கிப் போட மனசு வரவில்லை. வெள்ளிக்கிழமை மாமா வந்தான், அன்றைக்குக் கறி கிடையாது, காலையிலேயே ஒரு பாக்கெட்டைக் கவரோடு அடுப்பு மேடையில் எடுத்து வைத்தேன், சாயங்காலம் சூடுகூடப் பண்ணாமல் கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டான். அப்பாவும் டெய்சியும் கோவிலுக்குப் போயிருந்தார்கள். எனக்கு ஏனோ சாப்பிட மனசு ஒப்பவில்லை, ஆனால் அவனைத் தடுக்கவும் இல்லை.

மறுநாள் ரெட்டிபாளையத்துக்கு சிமெண்ட் லோடு ஏற்றப் போனவன், "அக்கா, ரோடு ரெண்டு ரெண்டா தெரியுது" என்று போன் பண்ணினான். லாரியை ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தான். சாயங்காலத்துக்குள் இமை தொங்கி, நாக்குத் தடித்து, குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. காய்ச்சல் இல்லை, புத்தி மட்டும் தெளிவு. திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், அங்கே டாக்டரம்மா, "என்ன சாப்ட்டாரு, காத்துப் புகாம அடைச்சதா?" என்று கேட்டதும் அந்த மீன் பாக்கெட்டைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நரம்பை முடக்கும் விஷத்தைக் கக்குகிற கிருமி ஒன்று உண்டாம், அது காற்றில்லாத இடத்தில்தான் பெருகுமாம், ப்ரீசரில் சாகாதாம், வாசனையிலும் நிறத்திலும் காட்டிக்கொள்ளாதாம். புகை போட்டது மீனோ கறியோ, ஆறியதும் ப்ரீசருக்குப் போய்விட வேண்டுமாம், எடுக்கும்போது கவரை வெட்டி ப்ரிட்ஜுக்குள்ளேயே இளக்க வேண்டுமாம், வெளியே இளகியதை மறுபடி உறைய வைக்கவே கூடாதாம். போன மாதம் நீ கொண்டுபோன ஆறு பாக்கெட்டும் ஒரு பகல் முழுக்கப் பெட்டிக்குள் ஐஸில்லாமல் கிடந்ததை நினைத்துப் பார்.

மாமாவுக்கு மருந்து ஏற்றியாகிவிட்டது, ஆனால் மூச்சு மெஷினில்தான், தேற மாசக்கணக்கில் ஆகலாம் என்கிறார்கள். நேற்று காதோரம் குனிந்து "நான்தான்டா குடுத்தேன்" என்றேன். விரல் லேசாக அசைந்தது. மன்னித்தானா, போகச் சொன்னானா தெரியவில்லை.

ராசா, கவரைப் பிரிக்காமலே இரண்டு பைக்குள் போட்டுக் கட்டிக் குப்பையில் எறி, பூனைக்குக்கூட வைக்காதே, கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. யாராவது அதற்குள் சாப்பிட்டிருந்தால் கண் மங்கட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மாதா உன்னையும் கூட இருக்கும் பிள்ளைகளையும் தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். காலையிலிருந்து ஏழு தடவை கூப்பிட்டுவிட்டேன். மணி அடிக்கிறது, நீ எடுக்கவில்லை. டியூட்டியில் இருப்பான் என்கிறார் அப்பா. ஆனால் அவரும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்.

உன் குரலுக்குக் காத்திருக்கும் அம்மா,
மரிய புஷ்பம்