ஏழாம் அறைக் களவு

1934 ஜூலை 9, திங்கள்

சாரல் விடவில்லை. துவைத்த வேட்டி இன்னும் ஈரம். குடைக்கம்பி சரி செய்யக் கொடுக்க வேண்டும். இருமலுக்குச் சுக்கு.

காலையில் சவரத்துக்கு உட்கார்ந்தால் கத்தியைக் காணோம். கண்ணாடி இருக்கிறது, சோப்புக் கிண்ணம் இருக்கிறது, கத்தி மட்டும் இல்லை. அறையைப் பூட்டாமல் குளிக்கப் போன என் புத்தியைச் சொல்ல வேண்டும். வார்டன் அறையிலேயே கை வைத்திருக்கிறான் என்றால் ஆள் லேசுப்பட்டவன் அல்ல.

சமையல்கார வேதமணியிடம் விசாரித்தேன். கிணற்றுக் கயிறும் இல்லையாம்! ஆனால் அண்டாவில் தண்ணீர் தளும்புகிறது.

"பிறகு தண்ணீர் எப்படி வந்தது?"

"அது... பிள்ளைய கோரித் தந்தாவ ஐயா."

"கயிறில்லாமலா?"

அடுப்பை ஊதப் போய்விட்டார். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. இவரும் உடந்தை.

ஜூலை 10, செவ்வாய்

மழை. கணக்கு வகுப்பில் பாதிப் பேர் தூங்கி விழுந்தார்கள். இரவெல்லாம் இவர்களுக்கு என்ன வேலை?

விடுதியை ஒரு சுற்று சுற்றினேன். ஏழாம் அறைக் கதவில் தாழ்ப்பாளைக் காணோம். திருகாணி இருந்த ஓட்டைகள் மட்டும். கத்தி, கயிறு, தாழ்ப்பாள். எதற்குச் சேர்க்கிறார்கள்?

அங்கே இரண்டு பேர். ஞானமுத்து, களியக்காவிளைக்காரன், வாட்டசாட்டமான ஆள். மற்றவன் சூசை, கடற்கரைப் பையன். போன மாதம் கட்டுமரத்தில் போன அவன் அண்ணன் திரும்பி வரவில்லை. சூசையைப் படிக்க வைத்ததே அந்த அண்ணன்தான். ஊருக்குப் போயிருந்தவன் போன வாரம்தான் வந்தான். "தைரியமாக இரு, ஜெபம் செய்" என்று அன்றே சொல்லிவிட்டேன். "சரி சார்" என்றான். என் கடமை அதோடு முடிந்தது.

ராச்சாப்பாடு மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் குழம்பும். சூசை மீனைத் தொடவில்லை. ஞானமுத்து சத்தமில்லாமல் அதைத் தன் தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டு, தேங்காய்த் துவையலை அவன் பக்கம் தள்ளினான். கடற்கரைப் பையனுக்கு மீன் வேண்டாமாம்! மீன் தின்னாதே என்று கதர்க்காரர்கள் யாரோ இவனைப் பிடித்துவிட்டார்கள். சந்தேகமே இல்லை.

ஜூலை 11, புதன்

சவரம் இல்லாமல் முகம் அரிக்கிறது. நாவிதரை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்களாம். யார் சொன்னது என்று கேட்க வழியில் பிடித்தேன்.

"இந்த வாரம் பெட்டியோட உள்ள வராதயும்னு பிள்ளைய சொல்லிட்டாவ. எனக்கென்ன தெரியும்?"

விடுதி முழுக்க ஒரே தாடி. பிரின்சிபல் துரை கூப்பிட்டுவிட்டார். இது வேலைநிறுத்த அடையாளமா என்று கேட்டார். எனக்கும் அதே சந்தேகம் என்றேன். வெள்ளிக்கிழமைக்குள் பெயர்கள் வேண்டும் என்றார். சிக்கியவர்கள் பெட்டி படுக்கையோடு ஊருக்கு. ஏழாம் அறை என்று மட்டும் சொல்லிவைத்தேன். சொல்லும்போது ஒரு சந்தோஷம் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

குடைக்காரன் இன்றும் தரவில்லை.

ஜூலை 12, வியாழன்

சற்று வெயில். மாடி வராந்தாவில் நின்று நோட்டம் பார்த்தேன். சூசை தோட்டத்துக்குப் போனால் பின்னால் ஒருவன். கக்கூசுக்குப் போனால் வெளியே ஒருவன் சீட்டியடித்தபடி. கிணற்றடியில் சும்மா நின்றான். உடனே இரண்டு பேர் பல் தேய்க்க வந்துவிட்டார்கள். பதினொரு மணிக்கு என்ன பல் தேய்ப்பு? ஒருவன் போனால் இன்னொருவன் வருகிறான். அரண்மனைக் காவல் தோற்றது. அப்படியானால் சூசைதான் தலைவன்!

அவன் வகுப்புக்குப் போன பிறகு ஏழாம் அறைக்குப் போய் ஞானமுத்துவின் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். கையும் களவுமாக. கிணற்றுக் கயிறு. துண்டில் சுற்றிய சவரக்கத்திகள், கொம்புப் பிடி போட்ட என்னுடையதும் சேர்த்து. தாழ்ப்பாள்.

"போலீசைக் கூப்பிடவா?"

கதவைச் சாத்தி அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டான். "பைய பேசுங்க சார். வெளிய கேட்டுரும்."

"என்ன கேட்டுவிடும்?"

"ஊருல இருந்து வந்த மறுநாளு விடிய சூசை கிணத்துக்கிட்ட நிண்ணான். இங்க என்னலேன்னு கேட்டேன். அண்ணன் கூப்பிடுகான்னு சொல்லுகான் சார். அதுக்குப் பொறவு நாங்க அவன ஒத்தைக்கு விடல்ல. முறை வச்சு முழிச்சிருக்கோம். தண்ணி கோருன உடனே கயித்த எடுத்துருவோம். வேதமணி அண்ணனுக்கும் தெரியும்."

என் கத்தியும் அதற்குத்தானா என்று கேட்டேன். தலையாட்டினான்.

"மீன் ஏன் தின்பதில்லை?"

"அண்ணனுக்க சரீரம் இன்னும் கெடைக்கல்ல. கடல்லதான் கெடக்கு. அவன் எப்படி சார் மீனு திம்பான்?"

அந்தக் குழம்பில் நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது.

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா நீங்க துரைக்கு எழுதிருவிய. புத்தி சரியில்லைன்னு வீட்டுக்கு அனுப்பிருவாவ. அவனுக்க வீட்டுக்கு முன்னால கடல்லா சார் கெடக்கு."



ஜூலை 13, வெள்ளி

மறுபடி மழை. பெட்டியில் இருந்ததெல்லாம் இப்போது என் அலமாரியில். சாவி அரைஞாணில்.

துரை பெயர்களைக் கேட்டார். கயிறு நைந்து போயிருந்தது, கத்திகள் துருப்பிடித்திருந்தன, எல்லாவற்றையும் நான்தான் வாங்கி வைத்திருக்கிறேன் என்றேன். தாழ்ப்பாள்? அதையும் நான்தான். என் தாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பவில்லை. திங்கட்கிழமை தாமே வந்து பார்ப்பாராம். வரட்டும். அவருக்கு என்மேல் விழுந்த சந்தேகம் நியாயமானதே.

வேதமணியிடம் இனி மீன் வேண்டாம் என்று சொன்னேன். "நேத்தைக்கே நிறுத்தியாச்சுல்லா ஐயா" என்றார். நான் கவனிக்கவே இல்லை.

மதியம் ஞானமுத்து வந்தான். அவனுக்குப் பரீட்சை, மற்றவர்களுக்கும் வகுப்பு, சூசை மட்டும் அறையில். "நாலு மணி வரைக்கும் சார் இருப்பியளா?"

திருத்த வேண்டிய தாள்களை எடுத்துக்கொண்டு போனேன். சூசை கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். என் அறை ஒழுகுகிறது, இங்கே இருந்து திருத்துகிறேனே என்றேன். திரும்பி என்னையும் தாள்களையும் பார்த்தான்.

"இன்னைக்கு சாருக்க முறையா?"

ஆமாம் என்றேன். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.