தகர டின்னில் வந்த கடல்

மச்சான்,

இன்று மதியம் ஃபேக்டரியில் ஒருவனைத் திட்டி வெளியே அனுப்பினேன். டிபன் பாக்ஸில் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து, ரோலர் ரூமிலேயே திறந்துவிட்டான். பக்கத்தில் எது நாறினாலும் தேயிலை இழுத்துக்கொள்ளும். அதுகூடத் தெரியாமல் வேலைக்கு வந்திருக்கிறான். அவன் போன பின்னும் வாசனை போகவில்லை. மிஷினை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றேன். நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உங்களோடு போட்ட சண்டை எனக்கு இன்னும் முடியவில்லை.

சிலோனிலிருந்து கப்பலில் வந்து மண்டபம் முகாமில் நாங்கள் கிடந்தபோது, கூடையில் மீன் விற்க வந்தவர் நீங்கள். அக்காவைப் பார்த்தீர்கள். எங்களுக்கு நீலகிரியில் ஜெகதளாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்ததும், புயலில் வீட்டைப் பறிகொடுத்திருந்த நீங்கள் மாப்பிள்ளையாகக் கூடவே மலை ஏறிவிட்டீர்கள். செடி வெட்டும் கவாத்துக் கத்தியோடு சரிவில் காலை அகட்டி அகட்டி நீங்கள் நடப்பதைப் பார்த்து வரிசை வீட்டு லயமே சிரிக்கும். "இது தோணி இல்ல மாப்ள, கவுறாது. தைரியமா நில்லு" என்பார் கங்காணி. நீங்களும் சிரிப்பீர்கள்.

இருமல் வந்த பிறகு சிரிப்பு குறைந்தது. குன்னூரில் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தக் குளிரு இவருக்கு ஆகாதுங்க. கீழ கூட்டிட்டுப் போயிருங்க" என்றார். கீழே என்றால் எங்கே? வீடு இல்லை, தோணி இல்லை. அக்கா வேலையை விட்டால் லயத்து வீடும் போய்விடும்.

அந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் ஊர் விசைப்படகு முதலாளியின் ஆள் வந்து சேர்ந்தார். உங்கள் கரைக்கு எதிரே கடலுக்குள் ஒரு பார் இருக்கிறது, அந்தப் பாறைத் திட்டில்தான் மீன் குஞ்சு பொரிக்கும், அங்கே தூண்டில்கூடப் போடமாட்டோம் என்று அடுப்படியில் குளிர் காயும்போது நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அதை வலை போடத் திறக்க வேண்டுமென்றால் வீட்டுக்கு ஒருவர் கடலில் கால் நனைய நின்று "திறக்கலாம்" என்று வாயால் சொல்ல வேண்டும். ஒரு வீடு "வேண்டாம்" என்றாலும், வராமலே இருந்தாலும், அந்த வருஷம் பார் மூடியே கிடக்கும். அதை மீறி எவனும் முதலாளியின் படகில் ஏறமாட்டான். மற்ற வீடுகளெல்லாம் சொல்லிவிட்டன. பாக்கி உங்கள் வீடு; புயல் வீட்டை எடுத்தாலும் வீட்டுச் சொல்லை எடுக்காதாம்.

சொன்னால் கரையில் உங்களுக்கு ஓட்டு வீடு. எனக்குப் படகில் இன்ஜின் டிரைவர் வேலை. வலை எப்படி என்று அந்த ஆளிடம் கேட்டேன். இரும்புப் பலகை, சங்கிலி, அடியில் எது இருந்தாலும் வழித்துக்கொண்டு வந்துவிடும் என்று பெருமையாகச் சொன்னார். இரும்பு உரசினால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குப் பாடம் வேண்டாம். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். புரிந்துதான் "சொல்லிவிடுங்கள் மச்சான்" என்றேன். ஒரு பாறையா, என் அக்காவின் புருஷனா என்றால் எனக்குக் கேள்வியே இல்லை. இப்போதும் இல்லை.

உங்களால் பஸ்ஸில் உட்கார முடியாது என்று தெரிந்ததும் அவர்கள் செய்த காரியம்தான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. தகர டின்னில் கடல்தண்ணீரை அடைத்து ஜீப்பில் மலைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். சாட்சிக்கு உங்கள் பெரியப்பா மகன். அக்கா துணி துவைக்கும் பேசினில் தண்ணீரை ஊற்றி, உங்களைப் பிடித்து அதில் நிறுத்தினார்கள். வாசலில் லயத்துச் சனம் பூராவும் நின்றது. நீங்கள் குனிந்து வெகுநேரம் காலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரு வார்த்தைதானே" என்று கத்தினேன்.

"தண்ணியக் கொண்டாந்துட்டீக" என்றீர்கள் அந்த ஆளிடம். "நாஞ் சொல்றதக் கேக்க வேண்டியது கீழயில்ல கெடக்கு?"

கேட்கட்டும், கேட்காமல் போகட்டும், சொல்லித் தொலையுங்கள் என்றேன். ஊரே சம்மதித்த பிறகு நீங்கள் ஒருவர் மறித்து என்ன ஆகப்போகிறது என்றேன்.

"ஊரே சம்மதிச்சதுக்கு இவுகளுக்கு மல ஏறி என்ன வேல மாப்ள? அங்கன ஐஸும் அவுகளது, சந்தையும் அவுகளது. எவன் வாயத் தொறப்பான்? அவுக கைக்கு எட்டாத வீடு நம்ம வீடுதான்." பிறகு அந்த ஆளைப் பார்த்து, "வேண்டாம்" என்றீர்கள். அவ்வளவுதான். பேசினிலிருந்து இறங்கி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டீர்கள்.

உங்கள் பெரியப்பா மகன் அதுவரை தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப்பில் ஏறுவதற்கு முன் குனிந்து, பேசின் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டார். முதலாளியின் ஆள் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

அடுத்து வந்த மழையை நீங்கள் தாண்டவில்லை.

ஆள் போனால் வீட்டுச் சொல் பெண்டாட்டிக்கு வரும் என்பதும் உங்கள் கரை வழக்கமாம். போன வாரம் அதே ஆள் மறுபடி வந்தார். அதே ஓட்டு வீடு, அதே வேலை. உங்கள் மகன் சின்னவனுக்கும் இப்போது நெஞ்சில் சளி கட்டுகிறது என்பதை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அதையும் பேச்சில் சேர்த்துக்கொண்டார். அக்கா முழுவதையும் கேட்டாள். "தண்ணி கிண்ணி தூக்கிட்டு வர வேணாம். நாங்களே கீழ வந்து சொல்லிக்கிறோம்" என்றாள்.

அவர் போனதும் என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டேன். சின்னவனின் நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டே, "அவரு அவ்வளவு பெரிய விலை குடுத்து வச்சிட்டுப் போனத, நான் ஒரு ஓட்டு வீட்டுக்குக் குடுக்கவா?" என்றாள். இது கணக்கே இல்லை, புள்ளையைப் பார் என்றேன். "புள்ளைய நீ பாரு. அதுக்குத்தானே படிச்சிருக்க" என்றாள்.

அதனால் கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் கம்பெனி ஒன்றில் வேலை கேட்டிருக்கிறேன். கிடைத்தால் சின்னவன் கீழே வெயிலில் வளருவான். கடலோர வெயில் இல்லை, ஆனாலும் வெயில்.

நாளைக்கு உங்கள் கரைக்குக் கிளம்புகிறோம்; போகாமலே இருந்தாலும் பார் மூடித்தான் கிடக்கும், ஆனால் கேட்க வேண்டியது கேட்கும்படி சொல்ல வேண்டும் என்கிறாள் அக்கா. அக்கா கடலில் நிற்கும்போது அலை இழுத்தால் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். எனக்கு அங்கே வேறு வேலை இல்லை. நீங்கள் செய்தது சரியென்று நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் உங்கள் வார்த்தையைச் சுமந்து இறங்குகிறாள். நான் உங்கள் மேல் உள்ள கோபத்தையும், தோளில் உங்கள் பிள்ளையையும்.