மெதுவான சூடு

அன்புள்ள அக்கா,

இன்று அப்பாவின் ஆய்வுக்கூடத்தில் நடந்ததை, கூட்டாமல் குறைக்காமல், உள்ளபடி எழுதுகிறேன்.

பள்ளி விட்டதும் நேராக அங்கே போனேன். சனிக்கிழமைகளில் நீ உலையைக் காவல் காக்க, நான் அதன் கதகதப்பில் வீட்டுப்பாடம் எழுதிய ஞாபகம் வந்தது. "நம்ம குடும்பத்துக்குக் கசடு நாத்தம்தான் சென்ட்" என்பாயே.

எண்ணெய்த் தொட்டிகளின் அடிக்கசடை, அதிலிருந்து மறுபடி எண்ணெய் வடிக்க, அப்பா உலையில் ஏற்றியிருந்தார். சூட்டைச் சட்டென்று கூட்டவே இல்லை. கசடில் தண்ணீர் இருக்கிறது, அவசரப்பட்டால் பொங்கிக் குழாயை அடைத்துவிடும் என்று நீ அன்று சொன்னதும், அவர் கேட்காததும் நினைவிருக்கிறது. அடைத்த குழாயின் முன்னால் நீங்கள் இருவரும் பேசியதை நான் எழுத மாட்டேன். அதன் பிறகுதான் நீ வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டாய்.

"ஏம்ப்பா இவ்ளோ மெதுவா?"

"வாயை மூடிட்டுப் படி."

முதலில் தண்ணீர் சொட்டியது. வெகுநேரம் கழித்து, தேன் நிறத்தில் தெளிந்த எண்ணெய் இறங்கியது. அப்பா கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து, திரி போட்டுக் கொளுத்தினார். நின்று எரிந்தது.

"உங்க அக்கா சொன்னது சரிதான்" என்றார், சுடரைப் பார்த்தபடியே.

"போன் பண்ணி அவகிட்டயே சொல்லுங்கப்பா."

"ஏன், எனக்கு வேற வேலை இல்லையா?"

திரியை அணைத்தார். உலையை நிறுத்தினார். சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினார். வாசலுக்கு வந்து, ஸ்விட்சில் விரலை வைத்துக்கொண்டு, "அவ எப்ப வர்றாளாம்?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டார்.

எப்போதும் உன் பின்னாலேயே வரும்,
வால்